ஃபைட்டருக்கு எதுக்குடா வைகை வெள்ளம்?

வாடா பேராண்டி, உக்காரு. நேத்து ராத்திரியெல்லாம் உன் மீன் தொட்டியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். உங்க மெட்ராஸ்ல கெழவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு? கண்ணாடி என்ன, கலர் கல்லு என்ன, நீல லைட்டு என்ன! எல்லாத்தையும் பாத்துட்டு ஃபைட்டர் மீன் எங்கடான்னு தேடுனா, மூலையில ஒரு இலைக்குப் பின்னால ஒண்டிக்கிட்டு நிக்குது. யாருக்குடா அது கடன் பட்டிருக்கு?

சீக்குன்னு சொல்லி மருந்து வாங்கக் கெளம்பிட்டியாம். போ, கடைக்காரன் பிள்ளகுட்டியும் பொழைக்கணும்ல. அதுக்கு முன்னாடி அந்த ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியக் கொஞ்சம் படி. மணிக்கு 300 லிட்டர்னு போட்டிருக்கான். உன் தொட்டி கொள்ளுறது 10 லிட்டர். அஞ்சாங்கிளாஸ் படிச்ச நானே வகுத்துட்டேன். நீ இன்ஜினியரு, சரியான்னு பாரு. ஒரு மணி நேரத்துல மொத்தத் தண்ணியும் 30 தடவ அந்த மோட்டாருக்குள்ள போயிட்டு வருது. இந்த மீனுக்கு நாலஞ்சு தடவ சுத்துனாலே தாராளம்.

இது சண்டைக்காரன்தான், இல்லங்கல. அதெல்லாம் தன் இனத்து ஆம்பளயக் கண்டா. ஓடுற தண்ணியோட மல்லுக்கட்ட அது வரம் வாங்கி வரல. பொறந்த ஊரு சயாம், நீங்க தாய்லாந்துங்கறீங்க. அங்க நெல்லு வயல்லயும் சதுப்புலயும் மெதுவா நகர்ற வாய்க்கால்லயும் கெடக்குற சீவன். 2019ல அந்த நாட்டு அரசாங்கமே தேசிய நீர்வாழ் உயிரினம்னு அதுக்குப் பட்டம் கட்டுச்சு. நிக்கிற தண்ணியில ஆக்ஸிஜன் கம்மி. அதனால செவுளுக்கு மேல தனியா ஒரு உறுப்பு வச்சிருக்கு. மேல வந்து வாயால காத்தக் குடிச்சிட்டு எறங்கும். நம்ம கம்மாயில பனையேறிக் கெண்டை இருக்குல்ல, தண்ணி வத்துனா தரையிலயே நகந்து போகுமே, அதுக்கும் இதே ஏற்பாடுதான். ரெண்டும் தூரத்துப் பங்காளிக.

அங்க வயக்காட்டுல கெடக்குற மீனுக்கு வாலு குட்டை. மனுசன்தான் அழகு பாக்கணும்னு தலைமுறை தலைமுறையா இணைசேத்து, அரைவட்டமா விரியிற வாலக் கட்டிவிட்டான். நீயும் கொளத்தூருக்குப் போயி, இருக்குறதுலயே நீள வாலாப் பொறுக்கி எடுத்தாந்திருக்க. அம்புட்டு வாலையும் தூக்கிக்கிட்டு அது மேல வந்து ஒரு வாய் காத்துக் குடிக்கிறதுக்குள்ள, உன் மோட்டார் அத அந்தக் கோடிக்குத் தள்ளிவிடுது. மறுபடி ஏறுது, மறுபடி தள்ளுது. நேத்துப் பாக்கையில வாலோரம் கிழிஞ்சு நூலு நூலாத் தொங்குச்சு. சில மீனு வெறுத்துப்போயித் தன் வாலத் தானே கடிச்சுக்கும். தண்ணி சுத்தமா இருந்து, தள்ளுறதும் நின்னா, வாலு தானா வளந்துரும்.

இதச் சொன்னதும் நீ என்ன சொன்ன? "ராத்திரியில ஃபில்டர ஆஃப் பண்ணிடறேன் தாத்தா." அடேங்கப்பா, கரண்டு பில்லும் மிச்சம்! அந்த ஸ்பான்ஜுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியிருக்குடா. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ நைட்ரைட்டாக்கி, அப்பறம் நைட்ரேட்டாக்கி, விஷத்த எறக்கிவைக்கிறது அதுகதான். தண்ணி ஓடுனாத்தான் அதுகளுக்கு ஆக்ஸிஜன். மணிக்கணக்கா நிறுத்துனா அதுக சாகத் தொடங்கும். காலையில நீ சுவிட்சப் போட்டதும் உள்ள அழுகுனது பூராவும் தொட்டிக்கு வரும். சின்னத் தொட்டியில அம்மோனியா ஏறுறதுக்கு நேரமே ஆகாது.

காலமெல்லாம் கம்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியா இருந்தவன் சொல்றேன், கேளு. மடையத் தொறந்தா தண்ணி சீறிக்கிட்டு விழுகும். அப்புடியே விட்டா வாய்க்கால் கரையத் தின்னுரும். அதுக்காக மடைய அடைச்சுப்புட்டா பயிரு காயும். விழுகுற எடத்துல நாலு கல்லையும் செத்தையையும் போட்டுருவோம். அதே தண்ணி, அதே அளவு, ஆனா அடங்கி நடக்கும். உன் தொட்டியிலயும் அம்புட்டுத்தான் வேல.

மொதல்ல காசில்லாத வைத்தியம். மோட்டார் வாய் இப்ப நடுத்தொட்டியப் பாத்து நிக்குது. அதப் பக்கத்துக் கண்ணாடியப் பாக்கத் திருப்பு. தண்ணி அதுல மோதிச் செதறி, பாதி வேகம் அங்கயே செத்துரும். பத்தலைன்னா வாயில ஒரு துண்டு ஸ்பான்ஜ வச்சு நூலால கட்டு. தளர்வா வை, இறுக்கித் திணிச்சா மோட்டார் திணறும். இழுக்குற பக்கமும் ஒரு ஸ்பான்ஜ் உறை மாட்டு. இழுப்பும் கொறையும், அந்த நீள வாலும் சல்லடையில சிக்காது. கழுவுறேன்னு அதக் குழாயடிக்குத் தூக்கிட்டுப் போயிராத, குளோரின்ல பாக்டீரியா செத்துரும். தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியில பிழிஞ்சாப் போதும்.

உன் மச்சினன் வீட்டுல இருக்குறது தொட்டி விளிம்புல தொங்கிக்கிட்டு மேலேருந்து கொட்டுற ஃபில்டர். அவனுக்கும் சொல்லிவிடு. தண்ணி மட்டத்த ஏத்துனா கொட்டுற உயரம் கொறையும். குடிச்சுப்போட்ட தண்ணி பாட்டில்ல நடுத்துண்ட வெட்டி, கொட்டுற ஒதட்டுல மாட்டுனா, நேரா விழுகுற தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு எறங்கும். வெட்டுன ஓரத்தத் தேச்சு மழுக்கச் சொல்லு, இல்லன்னா அதுலயே வாலு கிழியும். அதுக்குன்னு மூடியத் தொடுற வரைக்கும் தண்ணிய ரொப்பிறாதீங்கப்பா, மீனு மேல வந்து மூச்சு விட எடம் வேணும். மூடி இல்லாமலும் வைக்காதீங்க, தாவிரும்.

பிளாஸ்டிக் செடிய எடுத்து எறி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் சோம்பேறிகளுக்குன்னே படைச்ச செடிக. ஒரு கட்டையில கட்டிவிட்டா வேற வேல கெடையாது. உனக்குப் பொருத்தம். தண்ணி வேகமா வர்ற வழியில வை, வாய்க்கால்ல போட்ட செத்தை மாதிரி வேகத்த அடக்கும்.

என்னக் கேட்டா, ஏர் பம்புல ஓடுற ஸ்பான்ஜ் ஃபில்டர்தான் இந்த மீனுக்கு லாயக்கு. குமிழி மேல ஏறுற வேகத்துலயே தண்ணிய இழுத்துக்கும், மீனத் தள்ளாது. வாங்குன அன்னைக்கே பழசக் கழட்டிறாத. ரெண்டையும் சில வாரம் சேத்து ஓடவிடு, புது ஸ்பான்ஜுலயும் பாக்டீரியா குடியேறட்டும். பம்பத் தண்ணி மட்டத்துக்கு மேல வை. இல்ல, தண்ணி திரும்பி வராம தடுக்குற வால்வு ஒண்ணு டியூப்புல போடு. கரண்டு போனா தண்ணி டியூப் வழியாப் பின்னால எறங்கி பம்புக்குள்ள பூந்துரும். எங்க ஏரியாவுல கரண்டே போகாதும்ப. சொல்லு, சொல்லு.

வேகம் அடங்கிருச்சான்னு பாக்க ஃபோன்ல எதையும் தேடாத. ஒரே ஒரு உருண்டை தீனிய மேல போடு. நேத்து நான் போட்டேன். விழுந்த ஒடனே கண்ணாடியோரமா ஓடி, மோட்டாருக்குக் கீழ முங்கி, எதிர் மூலையில போயி எந்திரிச்சுச்சு. மீனு ரெண்டு தடவ வாயத் தொறந்துச்சு, ரெண்டு தடவையும் தண்ணியத்தான் குடிச்சுச்சு. அந்த உருண்டை போட்ட எடத்துலயே மெல்ல அசஞ்சுக்கிட்டுக் கெடக்கணும். மீனு துடுப்ப ஓயாம அடிக்காம ஒரு எடத்துல நிக்கணும். இது ஆம்பள மீனு. என்னைக்காவது மேல நுரைக்கூடு கட்டுச்சுன்னா, தண்ணி அதுக்குத் தோதாயிருச்சுன்னு வச்சுக்க.

மோட்டார் வாயத் திருப்ப ஒரு நிமிசம் ஆகாது. உன் பொண்டாட்டி போன மாசமே இதச் சொல்லுச்சாமே? அந்தப் பிள்ள பேச்சக் கேட்டிருந்தா நான் இம்புட்டு நேரம் தொண்டத்தண்ணி வத்திருக்க வேணாம். எந்திரி, அதத் திருப்பிட்டு வந்து சோத்துல கை வை.