வாயுள்ள மாடு

ஏத்தா, நாற்காலி மேல தூக்கி வச்சிருக்கியே, அது உன் காலுதானா, இல்ல மெட்ராஸ்லருந்து விருந்தாடி வந்த காலா? ஒருத்தி தலையணை வைக்கிறா, ஒருத்தி மோர் ஆத்திக் குடுக்குறா. போன மாசம் இதே காலை நீ படுத்தின பாடு ஊருக்கே தெரியும். விடியங்காட்டி கம்மாக்கரையில ஓட்டம், பொழுது சாய ஸ்டேடியத்துல ஓட்டம், போதாக்குறைக்கு ராத்திரி மொட்டைமாடிப் படியில ஏத்தம் எறக்கம். திருடன் பயம் இல்லாத தெருவாப் போச்சு நம்ம தெரு. நீ தூங்குனாத்தானே அவன் வருவான்.

மொத எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலைன்னதும் உனக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணுமே! "பாத்தியாய்யா, ஒண்ணுமில்ல"ன்னு மறுநாளே ஷூவ மாட்டிட்ட. எலும்புல விழுந்த வெடிப்பு ஆரம்பத்துல எக்ஸ்ரேல பிடிபடாது, எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும்னு டாக்டரம்மா பெறகுதான் சொன்னாக. அதுக்குள்ள நீ அத சுளுக்குன்னு பேரு வச்சு, எண்ணெய் போட்டு வழிச்சுவிட்டு, வலி மாத்திரைய முழுங்கி, ஒரு போட்டியும் ஓடி முடிச்சிட்ட. கெட்டிக்காரி. முழங்காலுக்குக் கீழ எலும்பு மயிரிழையா விரிஞ்சு கெடக்கு, அதுக்கு மேல தைலம் மணக்குது.

நம்ம செவலைக் காளையையே எடுத்துக்க. பெரியமாட்டு வண்டிப் பந்தயத்துல போக வர 8 மைல் ஓடுறவன். நீ ஸ்டேடியத்துல 25 சுத்து, 10,000 மீட்டர். ரெண்டு பேரும் என் செலவுலதான் திங்கிறீங்க. அவனுக்கு முன்னங்கால் வீங்குனப்ப நான் பந்தயத்துக்குப் பேரு குடுக்கல. சாரதி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான், விழாக் கமிட்டிக்காரன் வீடு தேடி வந்தான், அசையல. என்னத்துக்குன்னா, மாடு நொண்டுச்சு. வலிச்சா நொண்டும், வலி விட்டா நொண்டாது. அம்புட்டுத்தான் அதுக்குத் தெரிஞ்ச பேச்சு. உனக்கு ஆண்டவன் வாயையும் குடுத்துட்டானே, அங்கதான் கோளாறு. "லேசாத்தான்யா வலிக்குது, ரெண்டு சுத்து ஓடுனா விட்ரும்"னு அந்த வாய் சொல்லுது. கோச்சுகிட்டயும் அதத்தான் சொன்னியாம். அவரு என்ன செய்வாரு பாவம், அவருக்கு மாடு மேச்ச பழக்கம் இல்லையே.

இப்ப டாக்டரம்மா, இடுப்புல மெதவை பெல்ட்டக் கட்டிக்கிட்டு, காலு தரையில படாம ஆழத் தண்ணியில ஓடச் சொல்றாக. நெஞ்சுக்கு வேலை உண்டு, எலும்புக்குச் சுமை இல்லையாம். அதுக்கு நீ என்ன கேட்ட? "ஊரணியில எப்படிய்யா, எல்லாரும் சிரிப்பாக"ன்னு. ஏன்த்தா, பந்தயமாட்டையும் சல்லிக்கட்டுக் காளையையும் நாங்க காலங்காலமா அதே தண்ணியிலதானே நீச்சல் விடுறோம்? செவலை ஒரு நாளும் கூச்சப்பட்டதில்ல. நீ வேணும்னா அவனுக்குப் பின்னால எறங்கு, பாக்குறவுக எல்லாம் அவனத்தான் பாப்பாக.

நீ படுக்கையில கெடந்துக்கிட்டுப் போன்ல சத்தமா வச்சுப் பாக்குறியே வீரக்கதைக, எல்லாம் என் காதுலயும் விழுது. எனக்கு அரைச் செவுடுங்கறது உங்க அப்பத்தா கிளப்பிவிட்டது. அவ கூப்புடுறப்ப மட்டுந்தான் கேக்காது. அதுல ஒருத்தன் எத்தியோப்பியாக்காரர் அபெபே பிகிலாவப் பத்திச் சொன்னான்ல. 1964-ல குடல்வால் ஆபரேசன் முடிஞ்சு ஆறு வாரங்கூட ஆகல, டோக்கியோவுல மாரத்தான் ஓடி ஒலிம்பிக் தங்கத்த எடுத்தாரு. ஒடனே நீ எந்திரிச்சு உக்காந்த, கண்ணுல மின்னல். அதுக்கு மேல ஓடுன படத்தப் பாக்காம தள்ளிவிட்டுட்டியே. 1968 மெக்சிகோவுக்குக் கால்ல அடியோடதான் போனாரு. 17 கிலோமீட்டர் வாக்குல வெளிய வந்துட்டாரு. அந்தத் தங்கம் அவரு நாட்டுக்காரர் மாமோ வோல்டேக்குப் போச்சு. வயித்துல இருந்த வேண்டாத ஒண்ண வெட்டி எறிஞ்சப்ப செயிச்ச மனுசன், வேணுங்கற கால்ல கேடு வந்தப்ப நின்னுட்டாரு. ஆளு ஒரே ஆளுதான். உனக்கு மட்டும் ஏன் மொதக் கதையோட கரண்டு போயிருது?

அமெரிக்காக்காரி ஜோன் பெனாய்ட்டும் அப்படித்தான். 1984-ல முழங்கால் ஆபரேசன் ஆகி 17 நாள்ல தகுதிப் போட்டிய செயிச்சு, அந்த வருசமே ஒலிம்பிக் தங்கமும் வாங்குனா. வாங்கட்டும், மகராசி. அவளுக்கு முழங்கால்ல மாட்டிக்கிட்டு ஓடவிடாம இருந்தத எடுத்துட்டாக. உனக்கு எத எடுக்குறது? எலும்பையா?

எனக்குப் பிடிச்ச பிள்ளை பவுலா ராட்கிளிஃப்தான். மாரத்தான் உலக சாதனையக் கையில வச்சுக்கிட்டு 2004 ஏதென்சு ஒலிம்பிக்குக்குப் போனா. கால் வலிக்குன்னு தின்ன மாத்திரை வயித்தக் கெடுத்து, தின்ன சோறு ஒடம்புல ஒட்டாம, 36 கிலோமீட்டர் போல நின்னு, ரோட்டோரத்துல உக்காந்து அழுதா. ஒலகமே பாத்துச்சு. நீ அழுதத நானும் செவலையும் மட்டுந்தானே பாத்தோம், அதுக்கே கதவ அடைச்சுக்கிட்ட. அந்தப் பிள்ளை மூணு மாசங்கூட ஆகல, நியூயார்க் மாரத்தான செயிச்சா. மறு வருசம் உலகச் சாம்பியன். ரோட்டுல உக்காந்ததால அவ ஒண்ணும் தேஞ்சு போகல. எதுக்குச் சொல்றேன்னா, உன் பையில மூணு பட்டை வலி மாத்திரை இருந்துச்சே, அது இப்ப அங்க இல்ல. தேடாத.

அங்க எல்லாம் எதுக்குப் போவணும், நம்ம புதுக்கோட்டைப் பையன் லட்சுமணன் இருக்கானே. 2017 ஆசியத் தடகளப் போட்டியில புவனேசுவரத்துல 5,000, 10,000 ரெண்டுலயும் தங்கம். மறு வருசம் ஜகார்த்தாவுல 10,000 மீட்டர் ஓடி மூணாவதா வந்தான். ஊரே வெடி போட்டுச்சு. பெறகு பாத்தா, ஓடயில ஒரு காலு கோட்டுக்கு வெளிய பட்டுச்சாம், மெடலப் பிடுங்கிட்டாக. அவன் காலு நல்லாத்தான் இருந்துச்சு, கோடுதான் ஒத்துக்கல. உனக்காவது கோவிச்சுக்க ஒரு எலும்பு இருக்கு. அவன் சுண்ணாம்புக் கோட்டுகிட்டப் போய் என்னத்தச் சண்டை போடுறது?

டாக்டரம்மா சொன்ன ஒண்ணு எனக்கு நல்லாப் பதிஞ்சுபோச்சு. ஓட ஓட எலும்பு தன்னைத்தானே பழசக் கரைச்சுப் புதுசு வச்சுக்குமாம். கரைக்கிற வேலை மூணு வாரம் போல, வச்சு இறுக்குற வேலை மூணு மாசம் போல. நடுவுல எலும்பு முன்னைவிட நோஞ்சானா இருக்குமாம். அந்த நேரம் பாத்துத்தான் நீ தூரத்த ஒரே வாரத்துல ஒண்ணரை மடங்காக்கி, கைக்கடியாரத்துல காட்டிக் காட்டிச் சிரிச்ச. அந்தக் கடியாரம் நல்லா ஓடு ஓடுங்குது. நில்லுன்னு அது ஒருநாளும் சொல்லாது. நின்னா அத எவன் வாங்குவான்?

சோத்துக் கதைக்கு வா. எடை கூடுனா நேரம் கூடும்னு ராத்திரிக்கு வெள்ளரிக்காயத் தின்னுட்டு எந்திரிக்கிற. செவலைக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை. ஓடுற சீவனைப் பட்டினி போட்டு எவனாவது கொடி வாங்குனதாக் கேள்விப்பட்டிருக்கியா? இன்னொண்ணும் உண்டு. மாசக் கணக்கு தப்பிப்போச்சுன்னு அப்பத்தா அடுப்படியில முணுமுணுத்தா. அத நான் காதுல வாங்கல, எனக்குத்தான் செவுடாச்சே. ஆனா டாக்டரம்மாகிட்ட நீ அத மறைக்கப்படாது. ஓட்டத்துக்குத் தக்கன திங்காத பிள்ளைகளுக்கு அதும் நிக்கும், எலும்பும் உளுத்துப்போகும். 2014-லயே ஒலிம்பிக் கமிட்டிக்காரவுக இதுக்குத் தனியா ஒரு பேரு வச்சு எச்சரிச்சிருக்காக. இத நானாச் சொல்லல. அப்பத்தாவ வெளிய உக்கார வச்சிட்டு நான் உள்ள போய்க் கேட்டுக்கிட்டு வந்தது.

எட்டு வாரம்னு சொன்னா எட்டு வாரம். அதுலயும் மொத நடை. வலியில்லாம நடந்தாத்தான் ஓட்டம். அதுவும் ஒரு நிமிசம் ஓடி ஒரு நிமிசம் நடக்கணுமாம். "நானென்ன எல்.கே.ஜி.யா"ன்னு கேட்டியாமே? எல்.கே.ஜி. பிள்ளைக சொன்ன பேச்சக் கேக்கும்த்தா. ஸ்டேட் மீட் இந்த வருசம் போச்சு, விடு. அடுத்த வருசமும் அதே மைதானம், அதே 25 சுத்துதான். கொறைச்சும் குடுக்கமாட்டான், கூட்டியும் கேக்கமாட்டான்.

என்ன, காலைக் கீழ வைக்கிற? மோரு குடிச்சு முடிச்சாச்சுல்ல, ஒக்காரு. வைக்கப்போர்ப் பக்கமே பாக்குற, தெரியுது. ஷூ அங்க இல்ல. நேத்தே எடம் மாத்தியாச்சு. அப்பத்தாகிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்ல, அவளே அவ சுருக்குப்பையத் தேடிக்கிட்டிருக்கா.