தாத்தா ஊரைக் கேட்டு ஓட்டா?

வாடா பேராண்டி, இப்புடித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. 2024 நவம்பர்ல நீ ஆடுன ஆட்டத்தைப் பத்திப் பேசணும். அமெரிக்காவுல ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே 'நம்ம வீட்டுப் பொண்ணு வெள்ளை மாளிகையில'ன்னு ஸ்டேட்டஸ் வச்சியே, உனக்கு அங்க ஓட்டு இருக்கா? எனக்கு இருக்கா? துளசேந்திரபுரத்துல குடியிருக்கறவன் எவனுக்காவது இருக்கா?

நம்ம மன்னார்குடிப் பக்கத்து ஊருதான், மறுக்கல. டிரம்ப்பை எதிர்த்து ஜனாதிபதிக்கு நின்ன கமலா ஹாரிஸோட அம்மாவைப் பெத்த கோபாலன் இந்தப் பக்கத்து மனுசருதான். அங்க தர்மசாஸ்தா கோயில்ல நன்கொடை குடுத்தவுங்க பேரு வெட்டுன கல்லுல கமலா பேரும் இருக்கு. 2021-ல துணை ஜனாதிபதியாப் பதவி ஏத்தப்ப வெடி போட்டாங்க, இனிப்பு குடுத்தாங்க. டிவிக்காரன் வந்தான், டீக்கடைக்கு வேவாரம் ஆச்சு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா, 'அவுங்க ஏண்டா ஜெயிக்கணும்?'னு கேட்டேன் பாரு, அதுக்கு நீ என்ன சொன்ன? 'அவுங்க நம்மாளு தாத்தா'ன்ன. சரி, வேற? வேற ஒண்ணும் உன் வாயில வரலையே!

ஆந்திராவுல வட்லூருன்னு ஒரு ஊரு. எதிர்த்தரப்புல துணை ஜனாதிபதிக்கு நின்ன வான்ஸோட சம்சாரம் உஷா இருக்காங்கல்ல, அவுங்க முன்னோருங்க ஊரு. அங்கயும் பூசை நடந்துச்சு. இங்கேருந்து ஒரு வேண்டுதலு, அங்கேருந்து ஒரு வேண்டுதலு. சாமிங்க பாவம். பென்சில்வேனியாவுல முட்டை என்ன வெலை விக்குது, அந்தக் கடுப்புல எவன் யாருக்குக் குத்துவான்னு அதுங்களுக்கு யாரு சொல்றது? கடைசியில தேர்வாளர் ஓட்டுல 312-க்கு 226-ன்னு டிரம்ப் ஜெயிச்சாரு.

நீதான் இப்புடின்னா, அந்த டிரம்ப்பு உனக்கு அண்ணன். சிகாகோவுல கருப்பினப் பத்திரிகைக்காரங்க கூட்டம், 2024 ஜூலை 31. அங்க போயி, 'இந்தம்மா இந்தியரா, கருப்பரா? திடீர்னு கருப்பராயிட்டாங்களே'ன்னு பேசுனாரு. அப்பா ஜமைக்காக்காரரு, அம்மா மெட்ராஸ்காரவுங்க. இதுல என்ன விடுகதை இருக்கு? நாட்டை ஆளணும்னு வந்தவரு, ஜாதகம் பாக்க வந்த தரகராட்டம் நட்சத்திரம் கேட்டுக்கிட்டு இருந்தாரு.

நதிமூலம் ரிஷிமூலம் பாக்காதேன்னு பெரியவுங்க சொன்னாங்க. நான் சொல்றேன், பாரு. நல்லாவே தோண்டிப் பாரு. பாத்தாத்தான் சிரிப்பு வரும்.

டிரம்ப்போட தாத்தா பிரீட்ரிக். ஜெர்மனியில கால்ஸ்டாட்டுன்னு ஒரு ஊரு, அந்த ஊருக்காரரு, முடி வெட்டக் கத்துக்கிட்டவரு. 1885-ல 16 வயசுல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுனாரு. நாலு காசு சேத்துக்கிட்டு ஊரோட வந்துடலாம்னு திரும்பினா, 'பட்டாளத்துல சேராமப் போனவனுக்கு இங்க எடமில்ல, கெளம்பு'ன்னுட்டாங்க. ஆட்சியில இருந்த இளவரசருக்கு மனு எழுதிக் கெஞ்சிப் பாத்தாரு. பலிக்கல. 1905-ல புள்ளத்தாச்சிப் பொண்டாட்டியோட மறுபடி கப்பல் ஏறுனாரு. அவரு பேரன்தான் வந்தவனையெல்லாம் வெரட்டுவேன்னு சொல்லி ஓட்டு வாங்குனவரு.

இந்தப் பக்கம் பாரு. கமலாவைப் பெத்த தாயி 19 வயசுல தனியாக் கடல் தாண்டிப் படிக்கப் போனவுங்க. அவுங்க மவ 2021-ல குவாதமாலாவுல போயி நின்னு, 'எங்க நாட்டுக்கு வராதீங்க'ன்னு சனங்ககிட்ட நேராவே சொல்லிட்டு வந்தாங்க. இங்கிலாந்துல சுயெல்லா பிராவர்மன்னு ஒரு உள்துறை மந்திரி இருந்தாங்க. அவுங்கம்மா மொரீசியஸ் தமிழச்சி, அப்பா கென்யாவுலேருந்து வந்தவரு. படகேறி வர்றவனை ருவாண்டாவுக்கு ஏத்தி அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. வர்றவனைத் தடுக்கறது சரியா தப்பாங்கறது வேற வழக்கு. நான் கேக்கறது இதுதான்: இவுங்க தாத்தா பாட்டி எங்கேருந்து வந்தாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, இவுங்க என்ன பண்ணுவாங்கன்னு உன்னால சொல்ல முடிஞ்சுதா?

ராத்திரி வயலுக்குத் தண்ணி கட்ட ஒரு ஆளு வைக்கறோம். என்னடா கேப்போம்? தூங்கிடுவானா, கடைமடை வரைக்கும் தண்ணியக் கொண்டு போவானா, பெரிய பண்ணைக்கு மட்டும் மடையத் தொறந்து விட்டுடுவானா? இதைத்தானே கேப்போம்? கடைமடை காஞ்சு போச்சுன்னா மறுநாளு காலையில சட்டையப் பிடிக்கலாம். ஏன்னா அவன் வாக்குக் குடுத்திருக்கான். 'நம்மாளு'ன்னு வச்சவன்கிட்ட என்னத்தக் கேக்கறது? அவன் உனக்கு ஒண்ணும் வாக்குக் குடுக்கலையே. நீயா சொந்தம் கொண்டாடுன. அவன் நேத்தும் நம்மாளுதான், இன்னிக்கும் நம்மாளுதான், வயலு மட்டும் காஞ்சு கெடக்கும்.

ஐயோவான்னு ஒரு மாகாணம். சோளமும் பன்னியும்தான் பொழப்பு. 2008-ல பத்துக்கு ஒம்போது பேரு அங்க வெள்ளைக்காரங்க. அந்த வருசம் ஜனவரியில கட்சிக்குள்ள நடந்த போட்டியில ஒபாமாவுக்கு மொத வெற்றிய அவுங்கதான் குடுத்தாங்க. நவம்பர்லயும் குடுத்தாங்க, 2012-லயும் குடுத்தாங்க. அப்பறம் 2016, 2020, 2024, மூணு தடவையும் டிரம்ப்புக்குப் போட்டாங்க. எடையில எல்லாரும் தோலை மாத்திக்கிட்டாங்களா? அவனவன் சோத்துக்கும் வேலைக்கும் யாரு வழி சொல்றான்னு பாத்தான். சரியாப் பாத்தானா, ஏமாந்தானாங்கறது அவன் பாடு. தோலைப் பாத்து மட்டும் போடலைல்ல?

இரு இரு, அதுக்காக ஒபாமா ஜெயிச்சன்னிக்கு அழுத கருப்பினத்துக் கெழவிங்களைப் பாத்துச் சிரிச்சேன்னு நெனைக்காத. அது வேற சங்கதி. அலபாமாவுல ஓட்டுக்குப் பேரு பதியப் போனா, அரசியல் சட்டத்துல ஒரு பத்திய எடுத்துப் போட்டு 'இதுக்கு அர்த்தம் சொல்லு'ம்பான். சொன்னாலும் தப்பும்பான். 1965-ல அடிபட்டு ஊர்வலம் போயித்தான் அவுங்களுக்குச் சட்டம் வந்துச்சு. வாசல்லயே நிறுத்தி வச்சிருந்தவுங்க உள்ள போறப்ப அழுவுறாங்க. வாசல் எங்க இருக்குன்னே தெரியாத நீயும் நானும் கொட்டாவி விட்டுக்கிட்டுப் பெருமை பேசுறதும் அதுவும் ஒண்ணா?

அவுங்களுக்குள்ளயே வெவரமான ஒரு அம்மா இருந்தாங்க, ஷெர்லி சிசோம்னு. 1972-ல ஜனாதிபதிக்கு நிக்கணும்னு கெளம்புனாங்க. கருப்பினத் தலைவருங்களே பல பேரு மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. நம்மாளுங்கற பேச்செல்லாம் அப்ப எங்க போச்சோ! அதே போட்டியில அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸும் இருந்தாரு. கருப்புப் புள்ளைங்க உள்ள வரப்படாதுன்னு காலேஜ் வாசல்ல மறிச்சு நின்ன ஆளு. அவரை ஒருத்தன் சுட்டுட்டான். இந்தம்மா ஆசுபத்திரிக்கே போயிப் பாத்துட்டு வந்தாங்க. சொந்த சனமே ஏசுச்சு. ரெண்டு வருசம் கழிச்சு, வீட்டு வேலை செய்யறவுங்களுக்கும் கொறைஞ்சபட்சக் கூலி வேணும்னு சட்டம் வந்தப்ப, தெக்கத்தி மெம்பருங்க ஓட்டை வாலஸ்தான் பேசி வாங்கித் தந்தாருன்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. எவன் குத்துனா என்ன, அரிசியாச்சா இல்லையா?

இப்ப நம்ம கதைக்கு வா. 2025 ஆகஸ்டுல இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டாரு டிரம்ப். திருப்பூர்ல பனியன் ஆர்டரு நின்னுச்சு. நீ 'ஐயோ, இப்புடிப் பண்ணிட்டாரே'ன்ன. ஏண்டா, மேடைக்கு மேடை வரி போடுவேன்னு சொல்லித்தானே ஓட்டுக் கேட்டாரு? அப்ப நீ அந்தப் பேச்சைக் கேக்கல. துளசேந்திரபுரத்துப் பேனரைப் படம் புடிச்சுக்கிட்டு இருந்த. கமலா வந்திருந்தா மட்டும் 'எங்க தாத்தா ஊருப் பக்கத்து பனியன்'னு சும்மா விட்டிருப்பாங்களா? டிரம்ப்பு முதல்ல ஆண்டப்ப சீனாவுக்குப் போட்ட வரிய, அவுங்க இருந்த ஆட்சியும் எடுக்கல. வரி போடற எடத்துல தாத்தா பேரு எழுதக் கட்டமே கெடையாதுடா.

சரி, மொகத்தத் தொங்கப் போடாத. வம்சத்தால காசு பாத்த ஊரு ஒண்ணு இருக்கு, சொல்றேன். அயர்லாந்துல மணிகால்னு சின்னக் கிராமம். ஒபாமாவோட அம்மா வழிக் கொள்ளுத் தாத்தாவுக்கும் மூத்தவரு ஒருத்தரு, செருப்புத் தைக்கறவரு புள்ள, 1850-ல அங்கேருந்துதான் கப்பல் ஏறுனாரு. 2011-ல ஒபாமா அங்க போயி ஒரு கிளாஸ் பீரு குடிச்சிட்டு வந்தாரு. ஊருக்காரன் நம்மள மாதிரி வெடி வாங்கிக் காசைக் கரியாக்கல. பெரிய ரோட்டோரமா பெட்ரோல் பங்கு, சாப்பாட்டுக் கடை, கக்கூசு எல்லாம் வந்துச்சு, 'பராக் ஒபாமா பிளாசா'ன்னு பேரு வச்சு. 2014-லேருந்து ஓடுது. நீயும் மன்னார்குடி ரோட்டுல ஒண்ணு கட்டேன். கமலா பேரே வையி, நான் வேண்டாங்கல. கக்கூசை மட்டும் தெனம் கழுவி விடு.