மைலோவின் உண்ணாநிலை: சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் ஆய்வறிக்கை

சாலாக் செலாத்தான் என்ற பெயரில் கோலாலம்பூரில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. ஒன்றில் கேடிஎம் கொமுட்டர் நிற்கும், மற்றதில் எல்ஆர்டி நிற்கும். பெயர் ஒன்றுதானே, இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று கிளம்பி, வெயிலில் நடந்து வியர்த்து வீடு வந்து சேர்ந்தவர்கள் எங்கள் தாமான் குடியிருப்பில் பலர். இது போதாதென்று செப்பாங் பக்கம் சாலாக் திங்கி என்று இன்னொன்று; விமான நிலைய ரயில் நிற்கும் இடம். ஈப்போவிலிருந்து வந்த என் மாமா ஒருமுறை அங்கே போய் இறங்கி, "ஸ்டேசன் வந்துட்டேன், எங்கடா நிக்கிற?" என்று போன் செய்தார்.

பூனையின் பசியின்மை பற்றிய ஆய்வேட்டை ரயில்வேயில் தொடங்கும் வழக்கம் இல்லை என்பதை இக்கட்டுரையாளர் அறிவார். ஆனால் "பூனை சாப்பிடல" என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழேயும் மூன்று நிலையங்கள் இருக்கின்றன. சாப்பிட மனமில்லை என்பது ஒன்று. மனம் இருக்கிறது, முடியவில்லை என்பது இன்னொன்று. வேறெங்கோ சாப்பிட்டு முடித்துவிட்டது என்பது சாலாக் திங்கி. இவற்றுக்கு நடுவே நடைபாலம் கிடையாது. தவறான நிலையத்தில் மூன்று நாள் நின்ற அனுபவமே இந்த அறிக்கை.

ஆய்வுக்குட்பட்ட உயிர்: மைலோ. ஆண், வயது ஏழு, எடை 4.6 கிலோ. நிறம், தண்ணீர் கொஞ்சம் கூடிப்போன மைலோ பானம். வழக்கமான உணவு: காலையில் பூனை பிஸ்கட், மாலையில் அவித்த கெம்போங் மீனின் தலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தலை தட்டிலேயே கிடந்தது. மீன் தலையும் பூனையும் நெடுநேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

முறைப்படி முதலில் முன்னோர் நூல்களைப் புரட்டினேன். தமிழில் பூனைகளின் பசிக்குக் குறைவே இல்லை. குறுந்தொகையில் மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வருகிறது, வீட்டுப் பேடைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. கம்பர் அவையடக்கத்தில், பாற்கடலையே நக்கித் தீர்த்துவிடப் புறப்பட்ட பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். உணவைக் கண்டு ஓடிய பூனை என்று நான் அறிந்தது ஒன்றுதான்: கிருஷ்ணதேவராயர் வளர்க்கச் சொல்லித் தெனாலிராமனிடம் கொடுத்ததாகக் கதை சொல்லும் பூனை. முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்தான் இராமன். வாய் வெந்தது. அதன்பின் பால் கிண்ணத்தைக் கண்டாலே அது ஓட்டம் பிடித்தது. பூனைக்கென்று அரசர் கொடுத்த மாட்டின் பாலை இராமன் குடித்தான். இராமனின் சாமர்த்தியத்துக்காக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோமே தவிர, பூனையின் வாயை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. "சுவையான கதை" என்று குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றைக் கலக்கும். அந்த வகையில் இராமன் தெரியாமல் ஒரு நல்லது செய்திருக்கிறான்.)

அடுத்து, தரவு சேகரிப்பு. சமையலறைத் தராசில் 40 கிராம் பிஸ்கட் நிறுத்து இரவு வைத்தேன். காலையில் 31 கிராம். ஒன்பது கிராம் உண்டிருக்கிறது என்று மகிழ்ந்து எழுதியும்விட்டேன். மறுநாள் விடியலில் எழுந்து பார்த்தால், தட்டிலிருந்து சுவர் இடுக்கு வரை எறும்புகள் ஆளுக்கொரு துணுக்காகச் சுமந்து போய்க்கொண்டிருந்தன. முதல் நாள் தரவு முழுக்க எறும்புகளின் பசியைப் பற்றியது என்று திருத்திக்கொள்ளவும்.

சாலாக் திங்கிக் கருதுகோள் என் மனைவியுடையது. "எதுத்த வீட்டுல தின்னுட்டு வந்து இங்க நடிக்குது." சோதிப்பது எளிது. சனிக்கிழமை முழுவதும் கதவு ஜன்னல் அடைத்து உள்ளேயே வைத்தோம். மைலோ உண்ணவில்லை, நாங்கள் வெந்து போனோம். கருதுகோள் கைவிடப்பட்டது.

இதற்குள் செய்தி எங்கள் லோரோங் (சந்து) முழுவதும் பரவிவிட்டது. மலாயா அவசரகாலத்தில் உருவான சீனர் புதுக்கிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் வரிசையில் மூன்று இனத்தாரும் கலந்து குடியிருக்கிறோம். எங்கள் பாட்டி மைலோவின் காதைத் தொட்டுப் பார்த்து, "ஒடம்பு கொதிக்குதுய்யா, சூடு புடிச்சிருக்கு" என்றார். மூலைவீட்டுச் சீன அன்ட்டி வயிற்றைத் தொட்டு, "ஹீட்டி லா" என்றார். பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் முதுகைத் தடவி, "பானாஸ் படான்" (உடம்புச் சூடு) என்றார். ஒருமைப்பாட்டுக்கென்றே அமைச்சு வைத்திருக்கும் நாட்டில், மூன்று இனங்கள் ஒரு பூனையின் மேல் கை வைத்து ஒரே முடிவுக்கு வந்த இத்தருணத்தைப் பதிவு செய்யாமல் விடுவது துரோகம். மருந்தில்தான் பிளவு. வெந்தயத் தண்ணி என்றார் பாட்டி. பார்லி தண்ணி என்றார் அன்ட்டி. இளநீர் என்றார் மாக்சிக். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்பதில் மட்டும் மீண்டும் ஒன்றுபட்டார்கள். மைலோ இரண்டையும் தொட்டதே இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒரு சிறு இடையீடு. நலமாக இருக்கும் பூனையின் உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். நம்முடையது 37. ஆகவே மனிதன் எந்தப் பூனையை எப்போது தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். மூன்று பண்பாடுகளின் உள்ளங்கைகளும் மிகச் சரியாக அளந்தன. அளந்தது மட்டும் நோய் இல்லை.

சூடு என்பது பாட்டிக்குத் துணைக் காரணம்தான். மூலக் காரணம் திருஷ்டி. போன வாரம் வந்த உறவுக்காரப் பெண் "எம்மாம் குண்டு!" என்று வாய்விட்டுச் சொன்னதற்குச் சாட்சிகள் உண்டு. என் மகன் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, கிண்ணத்தின் விளிம்பு மீசையில் உரசுவதால்தான் பூனை வெறுக்கிறது என்று இணையத்தில் படித்ததைச் சொல்லி, கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தட்டையான தட்டு வைத்தான். எறும்புகளுக்கு வசதியாகப் போயிற்று.

மாக்சிக்கின் இரண்டாவது கோட்பாட்டை நான் எளிதில் தள்ள முடியவில்லை. "மெராஜுக்" என்றார். கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் இரண்டு இரவு வீட்டில் இல்லை. அதற்குத்தான் இந்தக் கோபமாம். மெராஜுக் என்ற மலாய்ச் சொல்லை வெறும் கோபம் என்று பெயர்த்தால் கெட்டுவிடும். அது சமாதானப்படுத்த ஆள் வரும் என்ற நம்பிக்கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வது. அப்படி வந்து தாஜா செய்வதற்குப் பெயர் புஜுக். தமிழில் ஊடல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் இதைப் பற்றியவைதான். ஊடலை வள்ளுவர் உணவிலிடும் உப்புக்கு ஒப்பிடுகிறார், மிகுந்தால் கெடும். ஊடலையும் உணவையும் சேர்த்தே பேசியவர் எங்கள் தட்டைப் பார்த்திருந்தால் மாக்சிக் பக்கம்தான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஞாயிறு காலை அரை மணி நேரம் தரையில் படுத்து மைலோவைப் புஜுக் செய்தேன். அது தட்டருகே வந்தது, முகர்ந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது.

பிறகுதான் மேலை அறிவியலின் பக்கம் போனேன். மனித நாக்கில் சுவை மொட்டுகள் ஆயிரக்கணக்கில். பூனைக்குச் சில நூறுதான். 2005இல் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வகத்தார், இனிப்பை உணர வேண்டிய மரபணு ஒன்று பூனைகளிடம் சிதைந்து கிடப்பதைக் கண்டு சொன்னார்கள். மைலோவுக்கு மைலோ இனிக்காது. பூனை சாப்பிடுவது பெரும்பாலும் மூக்கால். சளி பிடித்து மூக்கடைத்தாலே பட்டினி கிடக்கும். எனவே கெம்போங் தலையை வெதுவெதுப்பாக்கி மணம் கிளப்பினேன். லோரோங்கிலிருந்த மற்ற நான்கு பூனைகள் கேட்டுக்கு வெளியே கூடின. ஆய்வுக்குட்பட்ட உயிர் மட்டும் முகர்ந்துவிட்டு, சாற்றை இரண்டு நக்கு நக்கிவிட்டு விலகியது.

ஆய்வு இங்கே நிறுத்தப்பட்டது. காரணம் எளிது. மனிதர்கள் சஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருந்து எழுந்து வருகிறோம். பூனைக்கு அந்த ஏற்பாடு இல்லை. இரண்டு மூன்று நாள் உணவில்லாமல் போனால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்க் குவியத் தொடங்கும்; குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எதிர்வீட்டு இளைஞன் அரை பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். நல்ல பையன்தான், ஆனால் அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு. இந்த ஒரு வரியை மட்டும் வாசகர் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளினிக்குக்குக் கொண்டுபோகப் பூனையைக் கூடையில் ஏற்றுவது தனி இயல். தாய் கவ்விக்கொண்டு போக, குட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்கும். இறைவனிடம் அப்படிக் கிடந்தால் போதும் என்பது வைணவத் தென்கலையாரின் மார்ஜார நியாயம். குட்டிதான் தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் குரங்கு நியாயம். மைலோ பிறப்பால் மார்ஜாரம். அன்று காலை வடகலைக்கு மாறி, பதினெட்டு நகங்களில் பாதியால் என் சட்டையைப் பற்றிக்கொண்டது.

கடைவீட்டு மாடியில் இருக்கும் கிளினிக்கின் டாக்டரம்மாவிடம் என் நாட்குறிப்பைப் பெருமையோடு நீட்டினேன். தட்டருகே வந்தது 14 முறை; முகர்ந்தது 14 முறை; வாயில் எடுத்துக் கீழே போட்டது 3 முறை. அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "வந்திருக்கே?" என்றார். "வந்துச்சு, சாப்பிடல" என்றேன். "பசி இல்லாத பூன எதுக்கு 14 தடவ வரும்?"

இரண்டாவது நிலையம். மூன்று நாளாக நான் முதலாவதில் நின்று ரயிலுக்குக் காத்திருந்தேன்.

வாயைத் திறந்து காட்டினார். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றில் ஈறு செக்கச்சிவந்து பல்லின் மேல் ஏறியிருந்தது. பூனைகளுக்குப் பரவலாக வருவதுதானாம்: ஈறோடு சேரும் இடத்தில் பல் தானாகவே கரைந்து பள்ளம் விழும், உள்ளே நரம்பு திறந்துகொள்ளும். கடித்தால் உயிர் போகும். வெளியே பார்த்தால் மீசையும் கம்பீரமுமாக இருக்கும். தெனாலிராமன் பூனையும் இதைத்தான் சொன்னது: பசி இருக்கிறது, வாய்தான் புண். வலிக்கு ஊசி போட்டு, வியாழக்கிழமை பல்லைப் பிடுங்க நாள் குறித்தார். ஆன செலவைப் பற்றி இவ்வறிக்கை மௌனம் காக்கிறது.

இத்துடன் முடிந்திருந்தால் இது மருத்துவச் செய்தி. ஆய்வாகத் தொடர்வதற்குக் காரணம், அன்று மாலை நடந்தவை. ஆறு மணிக்குப் பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை, ஆகவே திருஷ்டி உறுதியானது. ஆறரைக்கு அன்ட்டி ஆறிய பார்லி தண்ணியைத் துளித்துளியாக நாக்கில் விட்டார். ஏழு மணிக்கு மாக்சிக் வந்து அவித்த கோழியை விரல்நுனியால் மசித்து, மடியில் போட்டுப் புஜுக் செய்தார். தட்டு தட்டையாகவே இருந்தது. ஏழு நாற்பதுக்கு மைலோ சாப்பிட்டது.

ஆய்வு நெறியில் இதைவிடப் பெரிய விபத்து இருக்க முடியாது. ஐந்து மருந்து, ஒரு பூனை, ஒரே மாலை. நான் ஊசியின் பக்கம். ஆனால் லோரோங்கில் எனக்கு ஒரு வாக்குதான்.

வியாழக்கிழமை பல் வந்தது. குண்டூசித் தலையளவு ஓட்டையோடு அதைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். இனி வாதத்துக்கு இடமில்லை என்று எண்ணி, வாசலில் எல்லாருக்கும் நடுவே எடுத்து வைத்தேன். அன்ட்டி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உடம்பில் சூடு ஏறினால் முதலில் ஈறுதான் வீங்கும், நான் சொன்னேனே என்றார். வலி என்று சொல்லத் தெரியாமல் சொல்லிப் பார்த்து, கவனிக்காமல் விட்டால் யாருக்குத்தான் மெராஜுக் வராது என்றார் மாக்சிக். பாட்டி புட்டியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஓட்டையையே உற்றுப் பார்த்தார்.

"இதோ பாரு, கண்ணு பட்ட எடம்."