கரண்ட் கார் மாஸ்டர்

ஹட்டனில் இப்படி ஒருவர் இருக்கிறார். தலவாக்கலையில் ஒருவர், நானுஓயாவில் ஒருவர், நுவரெலியாவில் இரண்டு மூன்று பேர். ஆள்தான் வேறு வேறு, அச்சு ஒன்றுதான். பெட்ரோல் விலை கூடிய செய்தி வாசிக்கும்போது டீக்கடையில் எல்லா முகமும் சுருங்க, ஒரே ஒரு முகம் மட்டும் மலர்ந்தால் அவரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர் கரண்ட் கார் மாஸ்டர். முப்பது வருஷம் தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்துப் பென்ஷனில் வந்தவர். கார், ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. என்ன கம்பெனி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என் காரைக் கொறை சொல்ல நீங்க யாரு?" என்று வாசலுக்கே வந்துவிடுவார். அந்தக் காரின் கோளாறுகளை அவரைவிட விவரமாகச் சொல்லக்கூடியவர் இந்த மலைநாட்டில் இல்லை. அதைச் சொல்லும் உரிமையும் அவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. பெற்ற பிள்ளையைத் தாய் வையலாம், பக்கத்துக் காம்பராக்காரி வையக்கூடாது.

இந்த இனம் எங்கள் நாட்டில் உற்பத்தியானது 2014, 2015 வாக்கில். மின்சாரக் காருக்கு அப்போது வரி குறைவு. ஜப்பானில் ஓடிய நிஸான் லீஃப் போன்ற வண்டிகள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தன. 2015 கடைசியில் வந்த வரவுசெலவுத் திட்டம் வரியை ஏற்றியது. 2020இல் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் மாஸ்டரும் அவர் போன்றவர்களும். விற்கவும் மனமில்லை, புதிது வாங்கவும் வழியில்லை. கார் கிழமானது, பாசம் முற்றியது.

அவருடைய பொற்காலம் 2022. நாடு முழுக்கப் பெட்ரோல் கியூ. ஹட்டன் பெட்ரோல் செட்டில் ஆட்டோக்கள் மலைப்பாம்பு மாதிரி வளைந்து கிடந்தன. மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு ஆட்டோவுக்கும் தலையசைத்துக்கொண்டே போனார். "பெட்ரோல் அரேபியாவுல இருந்து வரணும் தம்பி. என் கார் காசல்ரீ தண்ணியில ஓடுது. நம்ம மழை, நம்ம லக்ஷபான!"

ஆட்டோக்காரத் தம்பிகள் ஒன்றும் பேசவில்லை. மார்ச் கடைசி வரை காத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டு வந்தது. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை, மற்ற மின்நிலையங்களுக்கு எரிபொருள் இல்லை. எந்த எழுத்துப் பிரிவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் என்று பட்டியல் பார்த்து, நடுச்சாமத்தில் அலாரம் வைத்து எழும்பி, டோர்ச் வெளிச்சத்தில் வயரைச் செருகினார் மாஸ்டர். கியூவில் நின்றவனுக்காவது பேச்சுத்துணைக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் இருந்தான். இவருக்குத் துணை ஒரு நாய்.

"தண்ணி வந்திருச்சா மாஸ்டர்?" என்று ஒருவன் கேட்டதோடு கணக்குச் சரியானது.

அப்புறம் 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு எதையோ தொட, நாடு முழுக்க இருண்டது. மின்சக்தி அமைச்சரே சொன்ன காரணம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சீத்தாஎலியவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காருக்கு வயர் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். "அந்தக் காலத்துக் கொரங்கு நம்ம லங்காவுக்குத் தீயை வச்சிச்சு, இந்தக் காலத்துக் கொரங்கு லைட்டை அணைச்சிருச்சு, விடுங்க மாஸ்டர்" என்றார் வீட்டுக்காரர். அன்று மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

சொந்தம் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கார் வந்த பிறகு மாஸ்டரின் உறவுமுறை வளர்ந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும், "சொகமா இருக்கீங்களா?" என்பதற்கு முன்னால், "பிளக் பொயின்ட் எங்க இருக்கு?" என்பார். குசினி ஜன்னல் வழியாக வயர் இறங்கும். போன வருஷம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சாவு வீடு. தூரத்துச் சொந்தம். முகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனவருக்கு, திரும்பி வரக் கரண்ட் போதவில்லை. வயரைக் கொடுத்துவிட்டுத் தகரக் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்தார். தப்படித்தவர்கள் களைத்துப் படுத்தார்கள். கடதாசி விளையாடியவர்கள் எழும்பிப் போனார்கள். விடிய விடியக் கண் மூடாமல் இருந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். "கூடப் பொறந்தவன்கூட இப்பிடி இருக்கல்லீங்க" என்று செத்தவரின் மகன் காலில் விழுந்துவிட்டான். மாஸ்டர் அவனைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டார். தோளுக்கு மேலாக அவர் கண் மட்டும் காரின் விளக்கில் இருந்தது. சார்ஜில் இன்னும் ஒரு கட்டை ஏறவேண்டியிருந்தது.

கொழும்புக்குப் போவது அவருக்கு இன்பச் சுற்றுலா, வருவது தவம். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு 1,200 மீற்றர் அளவு ஏற்றம். ஆட்களோடு காரின் பாரம் 1,600 கிலோ. பாரத்தை உயரத்தால் பெருக்கி, வகுத்து, அவரே தினக்குறிப்பேட்டின் பின்னட்டையில் போட்டு வைத்திருக்கிறார்: உயர ஏறுவதற்கு மட்டும் 5 யூனிட் கரண்ட் வேண்டும். ரோட்டில் ஓடும் செலவு தனி. முதல் வந்த லீஃப் கார்களின் பேட்டரி புதிதாக இருக்கும்போதே 24 யூனிட்தான். வயது போன பேட்டரி எதுவானாலும் அதில் எவ்வளவு தேறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கித்துல்கலையில் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சடங்குகள் தொடங்கும். ஹீட்டர் நிற்கும். ரேடியோ நிற்கும். மாஸ்டரின் அம்மணி கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொள்வார். கினிகத்தேனை வளைவில் பின் சீட்டைத் திரும்பிப் பார்ப்பார் மாஸ்டர். அங்கே மச்சினன் இருப்பார். எண்பத்தெட்டுக் கிலோ.

"மச்சான், ஹட்டன் பஸ் இப்ப வரும். சீட்டும் கெடைக்கும்."

மச்சினன் மறுபேச்சுப் பேசுவதில்லை. பஸ்ஸுக்குச் சில்லறையைக் கையிலேயே வைத்திருப்பார்.

இறக்கத்தில் மோட்டார் தலைகீழாக வேலை செய்து பேட்டரிக்குக் கரண்ட் திருப்பித் தரும். இது மாஸ்டர் வாழ்வின் பெருமை. "ஏறும்போது குடுத்த கடன் எறங்கும்போது வருது!" முழுசாக வருமா என்று கேட்டால், "எந்தக் கடன் முழுசா வந்திருக்கு?" என்பார். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் கரண்டுக்கு இடமில்லை. நிறைகுடத்தில் தண்ணீர் பிடிக்க முடியாதல்லவா? அதனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் புறப்படும்போது, எண்பது மைல் அளவு பயணத்துக்கு, குறைப் பேட்டரியோடு வீட்டைவிட்டு இறங்குகிற உலகத்தின் ஒரே மனிதர் இவர்.

எங்கள் பெரியவர்கள் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்பார்கள், நமக்குச் சொந்தமாக இருக்குமோ என்று. மாஸ்டர் அதே பயபக்தியோடு கேட்பது ரீகோல் செய்திகளை. விற்ற வண்டியில் கோளாறு தெரிந்தால் கம்பெனியே திருப்பி அழைத்துச் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகோல். கட்டிக்கொடுத்த பெண்ணைத் தாய்வீடு கூப்பிட்டு, "என்னம்மா செய்யிது?" என்று கேட்பது போல.

2021இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன்னுடைய செவ்ரோலே போல்ட் கார்கள் அத்தனையையும், ஏறக்குறைய 1,40,000 வண்டிகளை, பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்று திருப்பி அழைத்தது. தரிப்பிடங்களில் மற்ற வண்டிகளுக்கு 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்றும் சொன்னது. மாஸ்டரின் கார் அந்தச் சாதியே இல்லை. ஆனாலும் அன்றைக்கே நாடாவை எடுத்து அளந்தார். "50 அடின்னா அஞ்சு காம்பரா. லயத்துல எங்க நிப்பாட்டுறது? அடுத்த டிவிஷன்லயா?" ஹூண்டாய் கோனா முதலிய வண்டிகள் 82,000 திருப்பி அழைக்கப்பட்டபோது ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. 2022இல் பூனாவில் ஓலா ஸ்கூட்டர் எரிந்து, கம்பெனி 1,441 ஸ்கூட்டர்களைத் திருப்பி அழைத்த சேதியைச் சொன்னவர் கூடலூரில் இருக்கும் அவருடைய அண்ணன். 1964 பிரஜாவுரிமை ஒப்பந்தத்தில் இந்தியா போன அண்ணன், "பத்திரமா இருடா" என்று அழுதுவிட்டார்.

2016இல் அமெரிக்காவில் 47,000 லீஃப் கார்களுக்கு அழைப்பு வந்தது. கடுங்குளிரில் பிரேக்கில் ஒரு ரிலே உறைந்து, மிதிக்கப் பாரமாகும் என்பது குறை. கணினிக் கட்டளையை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். மாஸ்டருக்கு இதைக் கேட்ட நாளிலிருந்து தை மாதம் தூக்கமில்லை. நுவரெலியாவில் உறைபனி கொட்டி, மரக்கறித் தோட்டம் வெள்ளை விரித்துக் கிடக்கும் காலையில், காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார். தையல் மெஷின் மிதிக்கிறார் என்று பேரன் நினைத்தான்.

2024இல் 2019, 2020 லீஃப் கார்கள் 24,000 அளவில் திருப்பி அழைக்கப்பட்டன. வேகச் சார்ஜில் பேட்டரி சூடேறலாம், சரிசெய்யும்வரை அதைத் தொடாதீர்கள் என்றார்கள். இதில் மட்டும் மாஸ்டருக்கு வருத்தம் வேறு மாதிரி. "நம்ம வண்டி பழசு, அதுல நம்ம பேர் இல்ல" என்றார். தோட்டத்தில் வீட்டுப் பட்டியல் வாசிக்கும்போது பெயர் விடுபட்டவர் சொல்கிற அதே குரல்.

குறை சொல்லத் தெரிந்தவர்கள் அமெரிக்காக்காரர்கள்தான் என்பது அவர் முடிவு. 2012இல் அரிசோனா வெயிலில் லீஃப் பேட்டரிகள் வேளைக்கு முன்னே வாடின. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் வசதி இல்லை. மீட்டரில் பன்னிரண்டு கட்டை. முதல் கட்டை விழுந்தால் 15 சதவீதம் போனது என்று அர்த்தம். சொந்தக்காரர்கள் கூட்டம் சேர்ந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2013இல் கம்பெனி இறங்கி வந்தது. ஐந்து வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கட்டைக்குக் கீழே போனால் நாங்கள் பொறுப்பு என்றது.

"பாத்தீங்களா? அவனுக்கு வெயில், நமக்குக் குளிரு. ஹட்டன் பேட்டரிக்கு சானட்டோரியம் மாதிரி" என்று பெருமைப்படுவார். குளிரில் சார்ஜ் மெதுவாக ஏறுமே என்றால், கோபித்துக்கொண்டு எழும்பிவிடுவார்.

ஒருநாள் நானே கேட்டேன், "ஒங்க காருக்கு ரீகோல் ஏதும் வந்திருக்கா மாஸ்டர்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வந்திருக்கும். கடதாசி ஜப்பானுக்குப் போயிருக்கும். மொதல்ல வாங்குனவன் வெலாசத்துக்கு. பொண்ணு கடல் தாண்டி வாக்கப்பட்டது தாய்வீட்டுக்குத் தெரியாதுல்ல."

எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. லயத்துக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான் விலாசம். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே தூங்கி எழும்பி, யாரோ ஒருவர் பையில் மலையேறி வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் அழைப்புக் கடிதம் கையில் கிடைத்தவர்கள் மாஸ்டரின் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் வரிசையில் இப்போது ஒரு காரும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காருக்குள் ஒரு பெண் இருக்கிறாள். சாவியைப் போட்டு உசுப்பியதும் ஜப்பான் பாஷையில் இனிமையாக ஏதோ சொல்வாள். "காலம்பற வணக்கம் சொல்லுது" என்பார் மாஸ்டர். பதிலுக்கு, "சரி மகள், போயிட்டு வருவோம்" என்பார். இப்படியே பல வருஷம். போன சித்திரைக்கு ஜப்பானிலிருந்து லீவில் வந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் முன் சீட்டில் ஏறினான். பெண் பேசினாள். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அவ வணக்கம் சொல்லல்ல மாஸ்டர். அட்டை போடல்லங்கிறா."

"அட்டையா? நம்ம மலையில அட்டைக்கா பஞ்சம்? காலைப் பாரு, ரெண்டு தொங்குது."

"அந்த அட்டை இல்ல மாஸ்டர், காட்டு. அங்க ஹைவேயில காசு கழியிற காட்டு. அது உள்ள இல்லன்னு சொல்றா."

மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "எங்கப்பாவை 48ல, பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப, இதைத்தான் கேட்டாங்க" என்றார் மெதுவாக. "ஒன்னோட காட்டு எங்கன்னு. 64ல எங்கண்ணனைக் கேட்டாங்க. அவன் கூடலூருக்குப் போயிட்டான். இந்தப் புள்ள இத்தனை வருஷமா என்னைக் கேட்டிருக்கு. நான் வணக்கம் சொல்லியிருக்கேன்."

அப்புறம் சட்டைப் பையைத் தடவி, தன் அடையாள அட்டையை எடுத்து, அந்தச் சின்ன வாயில் செருகப் பார்த்தார். போகவில்லை. பேங்க் காட்டை எடுத்தார். போனது. பெண் ஒரு விநாடி மௌனமாக இருந்தாள். பிறகு வேறு ஏதோ சொன்னாள்.

"இப்ப என்னாவாம்?"

"இந்தக் காட்டு சரியில்லையாம் மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் டீக்கடையே எட்டிப் பார்த்தது. "காட்டு இல்லாட்டி எங்கங்கிறது. காட்டுனா இது இல்லங்கிறது. ஜப்பான்காரின்னு நெனச்சேன்டா. இவ அசல் நம்ம ஆபீசுக்காரி!"

காட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, ரெண்டு காலிலிருந்தும் அட்டையைச் சுண்டி எறிந்துவிட்டு, இறக்கத்தில் காரை விட்டார். கரண்ட் சேர ஆரம்பித்தது.