தெளிவாக இருக்கும்போது கேளுங்கள்

போன இதழில் 'போதை மீட்பு மனநல மருத்துவர்' என்பதை எதிர்காலமுள்ள தொழில் என்று எழுதிவிட்டேன். இந்த வாரத் தபால் முழுக்க அதே வாடை.

எத்தனை வருடம் படிக்கணும் சார்?
(பிளஸ் டூ மாணவன், அரியலூர்)

எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை. மனநல எம்.டி. மூன்று. அதோடு நிறுத்திக்கொண்டும் இந்த வைத்தியம் பார்க்கலாம். ஆசை தீராவிட்டால் நிம்ஹான்ஸ், எய்ம்ஸ் போன்ற இடங்களில் போதை மனநலத்துக்கென்றே டி.எம்., இன்னொரு மூன்று. மொத்தம் 11½. நுழைவுத் தேர்வுக்குக் காத்திருக்கும் வருடங்கள் தனிக் கணக்கு. எல்லாம் முடித்து ஊருக்கு வந்தால் அத்தை கேட்பார்: "அப்ப நீ ஊசி போடுற டாக்டர் இல்லையா?"

அக்கா மகன் இதைத்தான் படிக்கிறான். பிழைப்பு நடக்குமா?
(தாய்மாமன், திண்டிவனம்)

2019-ல் வெளியான தேசிய ஆய்வுப்படி இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் இன்னும் டோக்கனே வாங்கவில்லை. நீங்கள் கேட்பது பிழைப்பைப் பற்றி அல்ல என்று புரிகிறது. பெண்ணைக் கொடுங்கள்.

குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாமா?
(இல்லத்தரசி, தேனி)

வேண்டவே வேண்டாம் தாயே. அது டைசல்ஃபிரம். சாராயம் உடம்புக்குள் போய் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகும். அதை அப்புறப்படுத்தும் நொதியை இந்த மாத்திரை கட்டிப்போட்டுவிடும். அதற்கு மேல் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். உயிரும் போகலாம்.

விவரம் தெரிந்து, சம்மதித்து, தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்பவருக்கான மருந்து அது. சாம்பாரில் கலந்தால் அதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் வேறு பெயர்.

இந்த மாத்திரையை எந்த மேதை கண்டுபிடித்தார்?
(மருந்துக்கடை ஊழியர், கரூர்)

மேதையா? ரப்பர்த் தொழிலில் புழங்கும் ரசாயனம் அது. அந்த வகை ரசாயனங்களின் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குக் குடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் 1937-லேயே எழுதிவைத்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

சில வருடங்கள் கழித்து கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர் குடற்புழு மருந்து தேடி, அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மதுவைத் தொட்டதும் முகம் செம்பருத்தி. புழு செத்ததோ இல்லையோ, பார்ட்டி செத்தது.

ஃபிராய்டு போதை வைத்தியம் பார்த்ததுண்டா?
(பேராசிரியர், பாளையங்கோட்டை)

பார்த்தார், பார்க்காமலே இருந்திருக்கலாம். 1884-ல் கோகெயினைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். மார்ஃபினில் சிக்கிய நண்பருக்கு அதையே மருந்தாகச் சிபாரிசு செய்தார். நண்பர் கோகெயினிலும் சிக்கினார். ஃபிராய்டு சுருட்டுப் பிரியர். வாயில் புற்றுநோய் வந்து அறுவை மேல் அறுவை நடந்தும் சுருட்டை விடவில்லை. கிளினிக் சுவரில் படம் மாட்டலாம். பிரிஸ்கிரிப்ஷன் வாங்கக் கூடாது.

நாலே கேள்வியில் டாக்டர் கண்டுபிடிச்சிடுவாராமே?
(ஆட்டோ ஓட்டுநர், ராயபுரம்)

அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் உருவாக்கிய நாலு கேள்வி. குடியைக் குறைக்கணும்னு தோணியிருக்கா? யாராவது அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருதா? குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் கண்ணைத் திறந்ததும் ஒரு கட்டிங் தேவைப்படுதா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்.

இதைப் படித்து எரிச்சல் வந்ததா தம்பி? ஒன்று ஆயிற்று.

மன உறுதி இருந்தால் போதும், நாளைக்கே நிறுத்திவிடுவேன். டாக்டர் எதற்கு?
(ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்)

எப்போதாவது குடிப்பவர் தாராளமாக நிறுத்தலாம். வருடக்கணக்காகக் காலையிலேயே ஆரம்பிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி, சுவரில் இல்லாத பூச்சியெல்லாம் ஊரும். உயிருக்கே ஆபத்து. டாக்டர் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்.

ஆரம்பத்திலேயே போடும் முக்கிய ஊசி என்ன தெரியுமா? வெறும் வைட்டமின் பி1. அது குறைந்த உடம்பில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மூளைக்குக் கேடு. "ரெண்டு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர்" என்று வார்டில் அதட்டும் மைத்துனர்கள் கவனிக்க.

ஹெராயினுக்கு மாற்றாக இன்னொரு போதை மருந்தா? இது வைத்தியமா?
(ஒரு மாமியார், கும்பகோணம்)

1960-களில் நியூயார்க்கில் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரும் வின்சென்ட் டோலும் மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது பலரும் உங்களைப் போலவே கேட்டார்கள். அடுத்த ஊசிக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். இன்று மெத்தடோன் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஹெராயினையோ 1898-ல் பேயர் கம்பெனி இருமல் மருந்தாக விற்றது. எது மருந்து, எது போதை என்று லேபிளை நம்பாதீர்கள் மாமி.

குடிகாரர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களே, டாக்டருக்கு வெட்கமாக இருக்காதா?
(ஜவுளி வியாபாரி, ஈரோடு)

சர்க்கரை ஏறித் திரும்பி வருபவரைப் பார்த்துச் சர்க்கரை டாக்டர் வெட்கப்படுகிறாரா? ரிசப்ஷனில் மீன் தொட்டியல்லவா வைக்கிறார்! போதை டாக்டரின் கவலை, வராமல் போனவரைப் பற்றி.

நாலு பேர் அட்வைஸ் பண்ணினால் போதாதா?
(பெரியப்பா, காரைக்குடி)

லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் குழு 1977-ல் வெளியிட்ட சோதனையில் 100 கல்யாணமான ஆண்கள். ஒரு பிரிவுக்கு முழுச் சிகிச்சை, மறு பிரிவுக்கு ஒரே ஒரு ஆலோசனை அமர்வு. ஒரு வருடம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை.

துள்ளாதீர்கள் பெரியப்பா. அங்கே முதலில் கணவன், மனைவி இருவரையும் முழுதாக விசாரித்தார்கள். பிறகுதான் சொன்னார்கள். பந்தியில் பாயசத்துக்கு நடுவே சொல்லவில்லை.

சென்னையில் போதை சிகிச்சைக்கு முன்னோடி யார்?
(வாசகி, மயிலாப்பூர்)

சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்து, 1980-ல் அவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். மருத்துவர் அல்லர், சமூகப் பணி படித்தவர். 1992-ல் பத்மஸ்ரீ. இந்தப் பதிலில் ஜோக் கிடையாது.

பையன் ராத்திரியெல்லாம் செல்போனில் கேம். இதற்கும் அந்த டாக்டர்தானா?
(தந்தை, ஓசூர்)

ஆமாம். பக்கத்திலேயே, பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. இரண்டு பேருக்கும் டோக்கன் போடுங்கள். உங்கள் கேள்வி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த நேரம் அதிகாலை 2.10.

டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?
(பெயர் வேண்டாம்)

நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவரின் கடமை. முதலில் பேசிப் பார்க்க 14446, கட்டணமில்லா எண். குடிப்பது தெருவுக்கே தெரியும், அதற்குக் கூசவில்லை. டாக்டர் வீட்டுக்கு மட்டும் முக்காடா?