மிச்சத்தை நீங்களே படிச்சுக்குங்க!

புத்தகம் படிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது என்று யாராவது அங்கலாய்த்தால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். படிக்கிறார்களா என்பது வேறு விஷயம். கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிற மக்கள், சும்மா விடுவார்களா?

மாதம் ஒரு ஞாயிறு, அண்மையில் படித்த நூலைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம். ஓய்வுபெற்ற தாசில்தார் எப்போதும் 'பொன்னியின் செல்வன்' பற்றித்தான் பேசுவார். கல்கி அதை 1950-இல் தொடங்கி 1954-இல் முடித்துவிட்டார். நம்மவர் அதைவிட நிதானம்; ஐந்து பாகங்களில் மூன்றாவதிலேயே முகாம். 2023-இல் படத்தின் இரண்டாம் பாகம் வந்ததும் அவர் பேச்சில் திடீர் வேகம். ஐந்தாம் பாகத்தின் முடிவை உருக்கமாக வருணித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். நாவலில் கல்கி, பூமாலை கட்டும் சேந்தன் அமுதனுக்கல்லவா மகுடம் சூட்டினார்? படத்தில் அப்படி இல்லை. தாசில்தார் சோழ நாட்டுக்கே பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டார். சபை நாகரிகம் கருதி எல்லோரும் கைதட்டினோம்.

நூலகச் சுவரில் எஸ்.ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1931-இல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தவர். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அதை எங்கள் ஊரில் முழு மனதோடு கடைப்பிடிப்பவர் மருந்துக்கடை அண்ணாச்சி. யார் யாரைக் காதலிக்கிறார்கள், யார் எப்படிச் சாகிறார்கள், சொத்து யாருக்குப் போகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, "மிச்சத்தை நீங்களே படிச்சுக்குங்க" என்பார். மிச்சம் இருப்பது விலையும் பதிப்பக முகவரியும்தான்.

கவிஞர் ஒருவர் உண்டு. 'மானுட அகத்தின் இருண்மையைத் தரிசனமாக்கும் பிரதி' என்று ஆரம்பித்தால் மின்விசிறியே தயங்கித்தான் சுற்றும். போன மாதம் பின்வரிசைப் பாட்டி ஒருத்தி, "தம்பி, புஸ்தகம் நல்லாருக்கா, இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். அப்படியெல்லாம் கேட்கக் கூடாதாம். கவிஞர் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார். நூலகர் அம்மா நடவடிக்கைக் குறிப்பேட்டில் 'நல்ல நூல்' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டார். "வேற லெவல் சார்" என்று ஒரே வரியில் முடிக்கும் கல்லூரிப் பையனைப் பெரியவர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கு அவன்மேல் மரியாதைதான். நாலரை நிமிடம் மிச்சம்.

மேடையில் வராத உண்மை இரவல் புத்தகங்களின் ஓரங்களில் வந்துவிடுகிறது. ஒரு துப்பறியும் நாவலின் 12-ஆம் பக்கத்தில் பென்சிலில், 'கொலைகாரன் டிரைவர்தான்.' அதன் கீழே நீலப் பேனாவில், 'பொய். நம்ப வேண்டாம்.' அதற்கும் கீழே சிவப்பு மையில், 'நூலகச் சொத்தில் கிறுக்குவது குற்றம். கொலைகாரன் டாக்டர்.' இந்த மூவரையும் கூட்டிவந்து பேசவிட்டால் மண்டபம் நிறையும் என்று நூலகர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பிடித்தால் அபராதம்தான் போடுவேன் என்கிறார்.

வட்டத்தில் யாருக்கும் பிடிக்காதவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கதை, பாத்திரம், நடை எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. "பக்கம் 17, மூன்றாம் வரி, வலி மிக வேண்டும். பக்கம் 23, ஒருமை பன்மை மயக்கம்" என்று பட்டியலை விரிப்பார். அவர் எழுந்தாலே பாதிப் பேர் தேநீர் தேடி வெளியே போய்விடுவார்கள். நான் நகர மாட்டேன். அட்டையிலிருந்து அட்டைவரை நிச்சயமாகப் படித்திருப்பவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தானே?

சென்ற கூட்டத்தில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பழைய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கம்போல் பிழைகளை அடுக்கியவர் 61-ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் பிழையே இல்லையா, ஐயா என்றேன். "தென்படவில்லை" என்றார், சற்றுக் கூச்சத்தோடு. அதே பிரதியை இரவல் வாங்கிவந்து பார்த்தேன். 62-இலும் பிழை, 63-இல் இரண்டு, 70-ஐத் தாண்டியதும் பக்கத்துக்குப் பக்கம். பிழைகள் எங்கும் போகவில்லை. மனிதர்தான் கதாநாயகன் பாபுவோடு கும்பகோணத்துத் தெருக்களில் இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் வட்டத்தில் இதுவரை நான் கேட்ட மதிப்புரைகளில் சிறந்தது அந்தத் 'தென்படவில்லை'தான். உங்கள் ஊரிலும் ஒரு தமிழாசிரியர் இருப்பார். அடுத்த முறை புத்தகம் வாங்குமுன், எந்தப் பக்கத்தோடு பிழை பார்ப்பதை நிறுத்தினார் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.