அட்டாரிப் போடியாரும் நான்கு முல்லைக்காரரும்

கல்முனைக்கு மேற்கே வயல்களில் நடந்ததைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் வீடியோ கேம் கம்பனிகளின் வரலாறு ஒரே பின்னேரத்தில் விளங்கிவிடும். காணி போடியாருக்கு, உடம்பு நோவு முல்லைக்காரருக்கு. விதைநெல்லும் வாடிச் செலவும் முற்பணமாக வரும். சூடடித்த கையோடு களவெட்டியிலேயே அத்தனையும் கழிபடும். மிஞ்சியதை ஏற்ற வண்டில் தேவைப்படாது. கலிபோர்னியாவில் இதற்குப் பார்ட்னர்ஷிப் என்று பேர்.

முதற்பெரும் போடியார் அட்டாரி. நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 1972இல் வெட்டித் திருத்திய காணியை 1976இல் வார்னர் கம்பனி வாங்கியது. 1978இல் ரே கசாரைக் கொண்டுவந்து தலைமையில் இருத்தியது. கசார் பர்லிங்டன் என்ற துணிக் கம்பனியில் ஆண்டாண்டாக இருந்தவர். மருதமுனையில் பிறந்திருந்தால் சாரன் வியாபாரத்தில் மூன்று மாடி கட்டியிருப்பார். கேம் செய்கிற ஆட்களோடுதான் மனிதருக்கு ஒத்துவரவில்லை.

அந்த நேரம் பார்த்து அட்டாரியின் விற்பனைப் பகுதிக்கு ஒரு யோசனை உதித்தது. எந்தக் கேசட் எவ்வளவு விற்றது என்று பட்டியல் போட்டுக் கேம் செய்கிறவர்களிடமே கொடுத்தார்கள். நல்லாய் ஓடினது மாதிரி இன்னும் நாலு செய்யட்டுமே! போடியார் தன் கணக்குக் கொப்பியைத் தானே வாடிக்குள் வைத்துவிட்டுப் போனார். டேவிட் கிரேன் என்ற இளைஞர் அதைக் கூட்டிப் பார்த்தார். அவர் பிற்காலத்தில் சொன்ன கணக்குப்படி, அவருடைய கேம்கள் மட்டும் உழைத்துக் கொடுத்தது 20 மில்லியன் டொலருக்கு மேல். அவர் சம்பளம் வருடத்துக்கு 20,000 டொலர் மட்டில்.

லாரி கப்லன், அலன் மில்லர், பொப் வைட்ஹெட் ஆகிய மூவரோடும் சேர்ந்து கசாரிடம் போனார் கிரேன். பெட்டியில் பேரும் விற்பனையில் சின்னதொரு பங்கும் கேட்டார்கள். கசாரின் மறுமொழியை எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டால் இப்படி வரும்: "கேசட்டப் பூட்டிப் பெட்டிக்குள்ள அடைக்கிற ஆளும் நீங்களும் எனக்கு ஒண்டுதான் தம்பிமாரே. போய் வேலையப் பாருங்க."

மறுகா என்ன? நால்வரும் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிறந்தது. அட்டாரிப் பெட்டியில் ஓடும் கேமை அட்டாரிக்கு வெளியே செய்து விற்ற முதல் கம்பனி அதுதான். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் 'வரம்பிலே நட, குத்தகையைக் கட்டு' என்று சமாதானம் ஆனது. அதே வருடம் கிரேன் செய்த 'பிட்ஃபோல்' நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது.

அட்டாரிக்குள் இருந்த வொரன் ரொபினெட் வாயே திறக்கவில்லை. 'அட்வெஞ்சர்' கேமில் இரகசியமாக ஓர் அறை கட்டி, அதற்குள் தன் பேரை மின்ன மின்ன எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். எங்கோ ஒரு பொடியன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் கம்பனிக்கே விசயம் தெரியும். நால்வரின் வழக்கைவிட எனக்கு இந்தக் குசும்புதான் பிடித்தது.

வாசல் திறந்ததும் கண்டவர் நின்றவரெல்லாம் கேம் செய்யத் தொடங்கினார்கள். குப்பை குவிந்தது. அட்டாரியே ஈ.டி. படத்துக்கு ஐந்து வாரத்தில் ஒரு கேம் செய்வித்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1983 செப்டம்பரில் விற்காத கேசட்டுகளை லொறியில் ஏற்றிப்போய் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைத்தார்கள். துணிக் கம்பனிக்காரர் ஜூலையிலேயே போய்விட்டதால் கபனுக்கு ஆளில்லை. கொங்கிரீட்டை ஊற்றி அடக்கினார்கள். 2014இல் தோண்டினால் ஜனாஸா அப்படியே இருந்தது.

அடுத்த போடியார் யப்பானிலிருந்து வந்த நின்டெண்டோ. இவர் அட்டாரியின் கதையை ஓதி முடித்துவிட்டு வந்தவர். 1985இல் அமெரிக்காவில் இறக்கிய பெட்டிக்குள் பூட்டுச் சில்லு ஒன்று. சாவி அவரிடம். வெளிக் கம்பனி ஒன்றுக்கு வருடத்துக்கு ஐந்து கேம்தான். கேசட்டை நின்டெண்டோவே அடித்துத் தரும், காசு முன்கூட்டியே வேணும். விற்காவிட்டால் அது அல்லாஹ்வின் நாட்டம். ஐந்து போதாத கொனாமி, 'அல்ட்ரா' என்ற பேரில் இன்னொரு கம்பனி திறந்தது. மனைவி பேரில் இரண்டாவது காணிப் பெர்மிட் எடுத்த எங்கள் ஊர்க்காரருக்கு இது புதினமே இல்லை.

டெங்கன் கம்பனி பூட்டை உடைத்த கதைதான் உச்சம். அது பழைய அட்டாரியின் ஒரு கிளை, போடியாரின் பேரன் முல்லைக்குப் போன கதை. பூட்டுச் சில்லின் நிரல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் கிடந்தது. டெங்கன்காரர் 1988இல் அங்கே போய், "எங்கள் மேல் நின்டெண்டோ வழக்குப் போட்டிருக்கிறது, பிரதி வேணும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு வழக்கே இல்லை. பிரதி கிடைத்தது, சாவி செய்தார்கள், கேசட் விற்றார்கள். அடுத்த வருடம் நின்டெண்டோ உண்மையிலேயே வழக்குப் போட்டது. சொன்ன பொய்யைக் கோர்ட்டே மெய்யாக்கித் தந்தது. 1992இல் மேல்நீதிமன்றத்திலும் டெங்கன்காரருக்குக் கதவு திறக்கவில்லை.

இடையில் எங்கள் கல்முனையைப் பற்றியும் ஒரு சொல். மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி விளையாடிய கடைகளில் ஓடியதெல்லாம் நகல் டிஸ்க். போடியாருக்கும் ஒரு சதம் போகவில்லை, முல்லைக்காரருக்கும் போகவில்லை. இதைவிட நீதியான பங்கீட்டை நான் இன்னும் காணவில்லை.

2008இல் அப்பிள் தன் ஃபோனுக்கு ஆப் கடை திறந்து, விற்றதில் நூற்றுக்கு முப்பது எடுத்தது. பெரிய கம்பனி இல்லாமல் தனியாகக் கேம் செய்கிற இன்டி பொடியன்கள் அதைச் சுதந்திரம் என்று கொண்டாடினார்கள். 2012இல் மைக்ரோசொஃப்டின் பெட்டியில் ஓடிய 'ஃபெஸ்' கேமைத் திருத்தப்போய், இன்னொரு தரம் திருத்துவதற்கு மைக்ரோசொஃப்ட் பல பத்தாயிரம் டொலர் கேட்கிறது, எங்களால் முடியாது என்று கையை விரித்தது அதைச் செய்த சின்னக் கம்பனி. கூகுளின் ஸ்டேடியா என்ற கேம் சேவை மூடப்படுவதைச் சில ஸ்டூடியோக்கள் செய்தியில் பார்த்துத்தான் அறிந்தன. வயலை விற்கிற போடியாராவது வாடிப் பக்கம் ஒருக்கால் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

கடைசிப் போடியார் மைக்ரோசொஃப்ட். அவருடைய 'கேம் பாஸ்' சந்தாவில் மாதக் காசு கட்டினால் நூற்றுக்கணக்கான கேம். ஸ்டூடியோவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அந்தத் தொகையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது 2023 செப்டம்பரில் கசிந்த ஆவணங்களில் தெரிந்தது. பெல்ஜியத்து லாரியன் ஸ்டூடியோவின் 'பால்டர்ஸ் கேட் 3' அவர்கள் பட்டியலில் வெறும் ஐந்து மில்லியன் டொலர். அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது அதற்குத்தான் போனது. ஆவணங்கள் கசிந்த அடுத்த மாதமே ஆக்டிவிஷனை மைக்ரோசொஃப்ட் வாங்கி முடித்தது. பேசிய விலை 68.7 பில்லியன். வாடியை விட்டோடிய முல்லைக்காரரின் கம்பனி இடையில் தானே பெரும் போடியாராகி, இன்னும் பெரிய போடியாரிடம் கைமாறியது.

எங்கள் பாசை பேசுகிற முல்லைக்காரரும் அதே களவெட்டிக்கு வந்தார். டொரொன்டோவில் அபி தொடங்கிய விசை கேம்ஸ் செய்த 'வெண்பா', 2023 ஜூலை 31இல் வெளியான அன்றே கேம் பாஸில் இருந்தது. 1988இல் கனடாவில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பதி, கிழிந்த சமையல் கொப்பி, முதலில் இட்லி. இட்லிக்கு எங்கள் கரையில் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் பிறகு புட்டு வருகிறது, மன்னித்துவிட்டோம். விளையாடி முடிக்க இரண்டு மணித்தியாலம்கூட ஆகாத கேமுக்கு முழு விலை கொடுக்க ஆட்கள் தயங்குவார்கள், மாதச் சந்தாவுக்குள் இருந்தால் திறந்து பார்ப்பார்கள். போடியார் முறை இந்த இடத்தில் முல்லைக்காரருக்கு உதவியது என்றே நினைக்கிறேன். 2024இல் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதும் வந்தது. மைக்ரோசொஃப்ட் எத்தனை அவணம் அளந்தது என்பதை மட்டும் இரு தரப்பும் வெளியே விடவில்லை. கல்முனைச் சந்தையில் அவர்களை ஒரு காலை இருத்தி, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தால் போதும். பத்து மணிக்கு முன் ஊருக்கே தொகை தெரிந்திருக்கும், அதுவும் மூன்று விதமாக.